ஐந்து நிமிடம் முழந்தாளிட நேரமில்லையா?

பிள்ளைகளைக் கராத்தே, கீபோர்டு, டியூஷன் என்று வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய் விடுகிறோம். படுக்கப்போகும் முன் அவர்களோடு சேர்ந்து ஐந்து நிமிடம் செபம் சொல்ல மட்டும் நேரமில்லையாம். முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் நான். "நேரமில்லை" என்றால் "மனமில்லை" என்று அர்த்தம், எனக்குத் தெரியும்.

எங்கள் புதுச்சேரிக் கத்தோலிக்க வீடுகளில் அந்தக் காலத்தில் இரவுச் செபம் தப்பாது. மாதா படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி, வீட்டிலுள்ள அத்தனை பேரும் முழந்தாளிட்டு 53 மணி செபமாலை சொல்வோம். முடிந்ததும் பெரியவர்களுக்குத் தோத்திரம் சொல்வோம். அவர்கள் நெற்றியில் சிலுவை வரைந்து படுக்க அனுப்புவார்கள். எனக்குப் பள்ளியில் பிரெஞ்சு, கோவில் பூசையில் லத்தீன். கடவுளோடு தமிழில் பேசக் கற்றுக்கொண்டது வீட்டில், பாயின் மேல்தான்.

இன்று பல வீடுகளில் நடப்பது என்ன? செபமாலையைக் கைப்பேசி சொல்கிறது. பாட்டி மட்டும் ஒரு மூலையில் அதற்குப் பதில் சொல்கிறாள். அப்பா சீரியலில், பேரப்பிள்ளை தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு. 2002-இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் செபமாலையைப் பற்றி ஒரு மடல் எழுதினார். குடும்பங்கள் ஒன்றுகூடுவதே அரிது, கூடும் நேரத்தையும் தொலைக்காட்சி எடுத்துக்கொள்கிறது என்று அதில் வருந்தினார். அப்போதாவது எல்லோரும் ஒரே பெட்டியைப் பார்த்தார்கள். இன்று ஆளுக்கொரு பெட்டி.

"வளர்ந்ததும் அவனே முடிவு செய்துகொள்ளட்டும்" என்று சிலர் பெருந்தன்மையாகச் சொல்கிறார்கள். பேச்சையும் பள்ளிக்கூடத்தையும் பிள்ளையைக் கேட்டா முடிவு செய்தோம்? ருசியே காட்டாத பண்டத்தை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவன் எப்படிச் சொல்வான்? பிறகு விடுவதானாலும், எதை விடுகிறோம் என்று தெரிந்து விடட்டும்.

இன்னொரு பக்கம், நம் வயதுக்காரர்களிலும் சிலரிடம் எனக்குச் சண்டை உண்டு. தூங்கி விழும் ஆறு வயதுப் பிள்ளையைக் கிள்ளி எழுப்பி, பிரார்த்தனை, மன்றாட்டு, நவநாள் என்று முக்கால் மணி நேரம் இழுத்தால் அதற்கு எப்படிப் பக்தி வரும்? முட்டி போடச் சொல்வது வகுப்பில் தண்டனை. வீட்டிலும் அதைத் தண்டனையாக்கிவிட்டு, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கடவுள் பயமே இல்லை" என்று புலம்பக் கூடாது. ஆண்டவர் வருகைப் பதிவேடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு பரலோக மந்திரம், மூன்று மங்கள வார்த்தை, ஒரு திரித்துவத் தோத்திரம். அதன்பின் இன்று எதற்கு நன்றி, எதற்கு மன்னிப்பு என்று ஆளுக்கொரு வாக்கியம், தமிழில். செபமாலையைப் பெரியவர்கள் பிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு வீட்டில் இருக்கிற எல்லோரும் வர வேண்டும். முக்கியமாக அப்பா.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? பகலெல்லாம் அதட்டுகிற அப்பா, தன்னைவிடப் பெரியவர் ஒருவர் முன் தலைகுனிந்து, "இன்று கோபப்பட்டு விட்டேன், மன்னியும்" என்று சொல்வதைப் பிள்ளை வேறெங்கே பார்க்கும்? தன் காய்ச்சலுக்காக அம்மா வேண்டுவதைத் தன் காதால் வேறெங்கே கேட்கும்? எந்த டியூஷனிலும் இதற்குப் பாடம் இல்லை. கைப்பேசியில் ஓடும் குரலுக்குப் பிள்ளையின் பேர்கூடத் தெரியாது.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொல்வதல்ல. விளக்கேற்றுகிற வீட்டுக்கும் தொழுகிற வீட்டுக்கும் இதே பேச்சுதான். மகனும் மருமகளும் வேலை முடிந்து களைத்து வருகிறார்கள், உண்மை. அவர்களைக் குறை சொல்லிக்கொண்டிராமல், வீட்டில் சும்மா இருக்கும் நாமே தொடங்கலாம். இன்று இரவு ஒன்பது மணிக்கு முதலில் நம் தொலைக்காட்சியை அணைப்போம். பிறகு பேரப்பிள்ளையைக் கூப்பிடுவோம்.