அதே செல்லில் இருந்த மற்றவர்கள்?

2023ல் வந்த 'ஸ்கூப்' தொடரை எங்கள் தெருப் பெண்கள் இப்பத்தான் பார்த்து முடித்தோம். கொலை வழக்கில் 2011ல் கைதாகி, 2018ல் நிரபராதி என்று விடுதலையான மும்பை நிருபர் ஜிக்னா வோரா, பைகுல்லா பெண்கள் சிறையில் பட்ட பாட்டை எழுதினாரே, அந்தப் புத்தகக் கதை. கதாநாயகிக்காக எல்லோரும் அழ, எதிர்வீட்டு அக்கா மட்டும், "இவளாவது படிச்சவ. வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாம அதே செல்லில் கிடக்கிறவங்க கதி?" என்றார். நியாயமான கேள்விதானே!

பெண் என்றால் வருமானம் பார்க்காமல் அரசே இலவசமாக வக்கீல் வைத்துத் தரணும். 1987ஆம் வருடச் சட்டம் அது. நம்ம காலாப்பட்டு ஜெயிலில் இருக்கிறவளுக்கும் பொருந்தும். எங்களில் ஒருத்திக்கும் இது தெரியவில்லை. மாமியார் சதியால் மருமகளை ஜெயிலுக்கு அனுப்பி, நம்மை நாள் கணக்கில் அழ வைக்கும் சீரியல்காரர்களே, இதை ஒரு வசனமாகவாவது வைக்கக் கூடாதா?

– ஒரு இல்லத்தரசி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.