விலைக்குத் தரை உண்டு; மனிதனுக்கு?



பதுக்கியவனுக்குத் தண்டனை உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள். கலப்படம் செய்தவனுக்கும் உண்டு. மலிவாக விற்றவனுக்குத் தண்டனை உண்டென்று கேள்விப்பட்டதுண்டா? உண்டு என்றது, மக்களின் பெயரால் ஆளும் சீனம்!

2006-ஆம் ஆண்டு. ஷாங்காயைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்பிரிங் ஏர்லைன்ஸ் என்னும் தனியார் விமான நிறுவனம், ஜினான் நகருக்குச் செல்லும் இருக்கைகளுள் சிலவற்றை 1 யுவானுக்கு விற்றது. சீறினர் ஜினான் நகர விலை அதிகாரிகள். 1,50,000 யுவான் அபராதம் என்று ஓலை விடுத்தனர். ஏன்? அடிப்படைக் கட்டணத்தினின்று 45 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கலாகாது என்பது 2004-இல் வகுத்த விதி!

யாரைக் காக்க இந்த விதி? "கட்டணப் போர் மூண்டால் விமானத் தொழில் நசிந்துவிடும்" என்றனர். யாருடைய தொழில்? வானத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட அரசுப் பெருநிறுவனங்களின் தொழில்! பயணியின் பணப்பையைப் பற்றிக் கவலைப்பட்டார் எவருமில்லை.

மலிவு மாயத்தால் வந்ததன்று. 2005 ஜூலை 18 அன்று யாண்டாய் நகருக்கு முதன்முதல் பறந்த நாள்தொட்டு, அந்நிறுவனத்தின் விமானங்கள் யாவும் ஏர்பஸ் ஏ320 குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரே குடும்பம் ஆதலின், ஒரு விமானத்துக்குப் பயின்ற விமானி மற்றொன்றையும் ஓட்டுவார். ஒன்றுக்கு வாங்கிய உதிரிப் பாகம் மற்றொன்றுக்கும் உதவும். தொடக்கத்தில் ஏ320-இல் 180 இருக்கைகள். அத்தனையும் ஒரே வகுப்பு. சீமானுக்கு முன்புறம், சாமானியனுக்குப் பின்புறம் என்று பிரிக்கும் திரை அங்கே இல்லை. உணவு வேண்டுவோர் விலை கொடுத்து வாங்கலாம். வேண்டாதோர் பிறர் உண்பதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. சிக்கனம் ஈன்ற குழந்தை அந்த மலிவு. அதன் கழுத்தையன்றோ நெரிக்க வந்தது விதி!

அப்படியானால் முதலாளிக்கு மாலை சூட்டுவோமா? பொறுங்கள், தோழரே! நிறுவனத்தைத் தோற்றுவித்த வாங் ஜெங்ஹுவா, 2009-இல் ஒரு யோசனை சொன்னார்: பேருந்தில் நிற்பதுபோல் விமானத்திலும் பயணிகள் நின்றுகொண்டு போகலாமாம்! நல்லவேளை, அது நடைமுறைக்கு வரவில்லை. 2012-இல் மற்றொன்று வெளிச்சமாயிற்று: தாமதத்திற்கு இழப்பீடு கேட்ட பயணிகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்து, இனி உங்களுக்குச் சீட்டில்லை என்றது நிறுவனம். மலிவாகத் தந்துவிட்டோம், ஆகவே வாய் திறவாதே! இது சிக்கனமா, செருக்கா? இருக்கையை நெருக்கலாம், உரிமையை நெரிக்கலாமா? குறைந்த காசு கொடுத்தவன் குறைந்த மனிதனா?

விலையின் கீழ்வரம்பு 2013-இல் நீக்கப்பட்டது. 2004-இலிருந்து ஒன்பது ஆண்டுகள்! காக்கத் தேவையற்றதை அத்தனை ஆண்டுகள் காத்தது அரசு; காக்க வேண்டியதையோ முதலாளியின் மனப்போக்குக்கு விட்டது.

கட்டுப்பாடே கூடாது என்பார் ஒருபுறம். கட்டுப்பாடு எதுவாயினும் நன்றே என்பார் மறுபுறம். இருவரையும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கட்டுப்பாடு யாருக்காக? விலை எவ்வளவும் இறங்கட்டும், ஏழையும் வானேறட்டும். ஆனால், மனித மதிப்பு இதற்குக் கீழே இறங்கலாகாது என்று ஒரு தரை வகுக்கப்படட்டும். மலிவுக்கு அபராதம் விதித்த கை, அவமதிப்புக்கு அபராதம் விதிக்கப் பழகட்டும். அதுவே மக்களுக்கான அரசு, மற்றதெல்லாம் பெயர்ப்பலகை!