கடைசிக் குழாயில் சோதியுங்கள்

வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. முன்னெச்சரிக்கைக் கூட்டங்களில் மணல் மூட்டை, படகு, மருந்து இருப்பு எல்லாம் கணக்கெடுக்கப்படும். நம் காலனியின் கடைசிக் குழாயில் வரும் தண்ணீரை யார் சோதிப்பது என்பதுதான் நம் கேள்வி.

மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கும் மஞ்சள்காமாலையும் டைபாய்டும் பெரும்பாலும் தண்ணீர் வழியாகவே வருகின்றன. குழாய் உடைந்த இடத்தில் சாக்கடை நீர் உள்ளே புகுந்துவிடுகிறது. தொட்டியில் கலந்த குளோரினோ போகப் போகக் குறைந்துகொண்டே வரும். எனவே கடைசிக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஊருக்குள் தொட்டி, சேரியில் குழாயின் வால் என்றிருக்கும் கிராமத்தில், தொட்டியடியில் மட்டும் பார்த்துவிட்டு ‘சரி’ என்று எழுதுவது சோதனையே அல்ல. குளோரோஸ்கோப் குப்பியில் தண்ணீர் பிடித்து ஆர்த்தோடோலிடின் சில சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். பள்ளி மாணவரே பார்த்துச் சொல்லலாம்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நடந்ததை நாம் மறக்கவில்லை. குழந்தைகள் அடுத்தடுத்து நோயில் விழுந்த பிறகுதான் தண்ணீர்மேல் சந்தேகம் வந்து, தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். உள்ளே மனிதக் கழிவு. தண்ணீர் கெட்டதைக் காட்ட அங்கே குழந்தைகளின் உடம்புதான் கருவியாக இருந்தது. (அமைச்சர் வரும் நாளில் தெருவோரம் கோடு போடும் பிளீச்சிங் பவுடர் தொட்டியை எட்டுவதில்லை.)

வீட்டிலும் வேலை இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்போம். ஓஆர்எஸ் பொட்டலங்களை இப்போதே கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு வாங்கி வைப்போம். அது இல்லாதபோது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தேக்கரண்டியால் தலைதட்டி 6 கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு; உப்பு கூடக் கூடாது. பேதியானால் தண்ணீரை நிறுத்தும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. அது உயிரைக் குடிக்கும். தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது. குழந்தையின் கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே 108. ஒரே தெருவில் இரண்டு மூன்று பேருக்குப் பேதி என்றால் அன்றே செவிலியருக்குச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கிராம சபையில் நாம் இரண்டு தீர்மானங்கள் கேட்போம். கடைசிக் குழாயின் சோதனை முடிவைத் தினமும் காலனியிலேயே பலகையில் எழுத வேண்டும். தொட்டி கழுவி, சாக்கடை அள்ளும் தொழிலாளர்க்கு மழைக்கு முன்பே கையுறையும் காலணியும் தர வேண்டும். இரண்டும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருப்பதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவோம்.