ஆர்.சி. புத்தகத்தில் ஏறாத விபத்து

சேலம் அஸ்தம்பட்டியில் பழைய கார் பார்க்கப் போகிறவர் முதலில் கேட்பது, 'எத்தனை ஓனர்?' அடுத்தது, 'ஆக்சிடென்ட் வண்டியா?' முதல் கேள்விக்கு ஆர்.சி. புத்தகம் பதில் சொல்லும். இரண்டாவதற்கு புரோக்கரின் வாய்தான் சாட்சி.

பழுதுச் செலவு ஐ.டி.வி.யில், அதாவது காப்பீட்டில் அறிவித்த வண்டி மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்' என்று கணக்கு முடிப்பது காப்பீட்டு நடைமுறை. ஐ.டி.வி. ஆறு லட்சம் என்று வையுங்கள். நொறுங்கிய வண்டியை சால்வேஜ் வியாபாரி இரண்டு லட்சத்துக்குக் கேட்டால், சிறு பிடித்தம் போக மீதி நான்கு லட்சத்தை நிறுவனம் தரும். உரிமையாளர் படிவம் 29, 30-இல் கையெழுத்திட்டு வண்டியை அனுப்பிவிடுவார். பெயர் மாறும்வரை பொறுப்பு அவர் தலையில்தான் என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை நினைப்பவர் குறைவு. டிங்கரிங், பட்டி, பெயின்ட் முடிந்து அதே கார் வேறோர் ஊரில் 'பக்கா கண்டிஷன்' என்று நிற்கும்.

ஆசையாக மாற்றியமைத்த கார் என்றால் நஷ்டம் கூடுதல். அறிவிக்காத பாகங்களுக்கு ஐ.டி.வி.யில் மதிப்பில்லை. சர்வேயர் படமெடுத்த பிறகு அவற்றைக் கழற்றினால் வம்பு. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம். லாரிக்கு பாடி கட்டிப் பேர் வாங்கிய நாமக்கல் வட்டாரத்தில், வண்டியை மாற்றுவது குற்றமாகலாம் என்பதே பலருக்கு உறைப்பதில்லை.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, அழிந்த வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. செத்துப் பிழைத்த வண்டிக்கு அதில் இடமில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2011 முதல் இத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு மறுபதிவையே மறுக்கிறது. அது நமக்கு ஆகாது. நேர்த்தியாகச் செய்யும் பட்டறைகளின் பிழைப்பும் போகும். சட்டகம் அடிபட்டதா இல்லையா என்று பிரித்து, 2017 முதல் பிரிட்டன் இடும் குறி போதும்.

இன்று வாங்குபவருக்குத் துணை அவர் கண்தான். கதவு ரப்பரை இழுத்து ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சீராக இருக்கின்றனவா என்று பார்க்கலாம். ஏர்பேக் விளக்கு எரிந்து அணைவதை நம்ப முடியாது. வேறொரு விளக்கோடு வயரை இணைத்து ஏமாற்றுவார்கள்.

வண்டிப் பதிவு விவரங்கள் இருக்கும் அரசின் 'வாகன்' பதிவேட்டில் அப்படி ஒரு குறி ஏற்றுவது பெரிய வேலையல்ல. ஆனால் குறி விழுந்தால் ஏலத்தில் வியாபாரி இரண்டு லட்சத்துக்குப் பதில் ஒன்றரைதான் கேட்பார். நிறுவனம் நாலரை தரவேண்டிவரும். ஆகவே காப்பீட்டு நிறுவனங்கள் தாமாக இதைக் கேட்கப்போவதில்லை. போக்குவரத்து அமைச்சகம்தான் உத்தரவிட வேண்டும்.