யாருடைய ரத்தத்தை எடுத்தார்கள்?

வேங்கைவயல் என்று சொன்னால் நம் தோழர்களுக்குக் கோபம் வருகிறது. நியாயமான கோபம். ஆனால் அதே கூட்டத்தில் டி.என்.ஏ. பற்றிப் பேச ஆரம்பித்தால் பாதிப்பேர் டீ குடிக்க எழுந்துவிடுகிறார்கள். 'அதெல்லாம் சயின்ஸ் படிச்சவங்க சமாச்சாரம்பா' என்கிறார்கள். இல்லை தோழர்களே, அது நம்ம சமாச்சாரம்.

2022 டிசம்பர் 26. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் சேரிச் சனங்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மனிதப் பீ கிடந்தது. 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. ஏப்ரலில் 11 பேருக்கு மரபணுச் சோதனை என்று கோர்ட் சொன்னது. அதில் பெரும்பாலோர் வேங்கைவயல்காரர்கள். பீத்தண்ணி குடித்தவனிடமே ரத்தம் கேட்டார்கள். முதலில் மறுத்தார்கள், பிறகு கொடுத்தார்கள். கடைசியில் 31 பேரைச் சோதித்தும் யாருடையதும் பொருந்தவில்லை. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. செல்போன் படங்களையும் பேச்சுகளையும் காட்டி, அதே சேரியின் மூன்று இளைஞர்களைக் குற்றவாளி என்றது.

இதைப் பற்றி ரெண்டு வார்த்தை உருப்படியாகக் கேட்க நமக்கு என்ன தெரிய வேண்டும்?

டி.என்.ஏ. ஒரு முறுக்கிய ஏணி. ஓரங்கள் சர்க்கரையும் பாஸ்பேட்டும். படிகள் நாலே எழுத்து: அடினின் எதிரே தைமின், குவானின் எதிரே சைட்டோசின். சில இடங்களில் ஒரே நாலெழுத்துக் கோவை திரும்பத் திரும்ப வரும். எனக்கு 9 தடவை என்றால் உங்களுக்கு 14. இப்படி இருபது இடம் எண்ணினால் ஆளை அடையாளம் காணலாம். கிடைத்தது துளியூண்டு என்றால் பி.சி.ஆர். செய்வார்கள். 95 டிகிரியில் ஏணி இரண்டாகப் பிரியும், சூட்டைக் குறைத்து, பிறகு 72 டிகிரியில் வைத்தால் ஒவ்வொரு பாதியும் தன் ஜோடியைக் கட்டிக்கொள்ளும். முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடிக்கு மேல். பாஸ்பேட்டுக்கு எதிர் மின்னூட்டம். அதனால் மின்சாரம் விட்டால் துண்டுகள் நேர்முனைக்கு ஓடும், சின்னது முந்தும், பெரியது பிந்தும். அளந்துவிடலாம். அவ்வளவுதான். இதில் பிராமண எழுத்து, பறை எழுத்து என்று எதுவும் கிடையாது.

ஆனால் பீயில் இருக்கிற டி.என்.ஏ.வில் பெரும்பகுதி பாக்டீரியாவுடையது. மனித டி.என்.ஏ. என்பது குடலிலிருந்து உதிர்ந்த கொஞ்சம் செல்கள்தான். தொட்டித் தண்ணீரில் ஊறினால் அதுவும் கரைந்து, நறுங்கிப் போகும். நாள் தள்ளத் தள்ள சாட்சி அழியும். ஆகவே முதல் கேள்வி: மாதிரியை எப்போது, எப்படி எடுத்தார்கள், எப்படிப் பாதுகாத்தார்கள்?

இரண்டாவது கேள்வி பெரியது. நான் பேங்க் கிளார்க். செக்கில் உள்ள கையெழுத்தை, எங்களிடம் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவது என் பிழைப்பு. மாதிரி அட்டையே இல்லாதவன் போட்ட கள்ளக் கையெழுத்தை எத்தனை அட்டையைப் புரட்டினாலும் கண்டுபிடிக்க முடியாது. லேபும் அப்படித்தான். யாருடைய ரத்தத்தை எடுப்பது என்று லேப் முடிவு செய்வதில்லை, போலீஸ் முடிவு செய்கிறது. மெஷினுக்குச் சாதி இல்லை. மெஷினுக்கு ஆள் அனுப்புகிற பட்டியலுக்கு?

இன்னொன்று. பொருந்தியிருந்தால்கூட அது யாருடைய மலம் என்றுதான் சொல்லும், யார் கொண்டுபோய்க் கொட்டியது என்று சொல்லாது. பொருந்தாததால் சோதித்த 31 பேரின் மலம் என்று காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். அதற்கு மேல் 'விஞ்ஞானபூர்வமா நிரூபிச்சாச்சு' என்று எவன் பேசினாலும், எங்கே, காட்டு என்று கேட்க நமக்கு வாய் வேண்டும். அந்த மூன்று பிள்ளைகளும் தீர்ப்பு வராதவரை குற்றவாளிகள் இல்லை.

அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதோர் யார் என்று எழுதியபோது மானிடவியல்காரர்களின் மூக்களவுக் கணக்கையே எடுத்துப் படித்தார். அவர்கள் அளவுகோலை வைத்தே, தீண்டாமைக்கு இன அடிப்படை இல்லை என்று காட்டினார். அளவுகோலைத் திட்டிவிட்டு அவர் சும்மா உட்காரவில்லை.

அரியாங்குப்பத்தில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். உயிர்வேதியியல் படிக்கிற நம்ம தெருப் பெண் ஒருத்தி போன வாரம் வாழைப்பழத்தைப் பிசைந்து, உப்பும் சோப்புத் தண்ணியும் கலந்து, வடிகட்டி, மேலே குளிர்ந்த ஸ்பிரிட்டை ஊற்றினாள். வெள்ளையாய் நூல்நூலாய் மிதந்து வந்தது. 'இதாண்ணே' என்றாள். ஒருத்தரும் டீக்கு எழுந்து போகவில்லை.

அடுத்த ஊரில் அடுத்த தொட்டி நாறும்போது, ரத்தம் கேட்டு வருகிறவனிடம் முதல் கேள்வியை நாம் கேட்க வேண்டும்: யார் யாரிடம் எடுத்தீங்க, யாரை விட்டீங்க?