பழுதும் பயன்படும்

வழவழப்பான மேற்பரப்பைச் சிறப்பென்றும், கரடுமுரடானதைப் பழுதென்றும் நாம் கருதுவது வழக்கம். காந்தப் படலங்களை ஆராய்ந்தால், இக்கருத்து எப்பொழுதும் பொருந்தாது என்பதை அறிவோம்.

இரும்பு பல சிறு காந்த வட்டாரங்களாகப் பிரிந்துள்ளது என 1907ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பியர் வைஸ் கருதினார். ஒவ்வொரு வட்டாரத்திலும் அணுக்காந்தங்கள் ஒருமுகமாக நிற்கும். அயல் வட்டாரத்தில் அவை வேறு முகமாக நிற்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையைச் சுவர் என்பர். வெளியிலிருந்து காந்தப்புலம் தாக்கும்போது, அதற்கு இசைந்த வட்டாரம் பெருகச் சுவர் நகர்கின்றது.

ஆயினும், பழுதுள்ள இடத்தில் சுவர் சிக்கிக்கொள்ளும். புலம் வலுத்ததும் திடீரெனப் பாயும். 1919இல் ஜேர்மன் அறிஞர் பார்க்ஹவுசன், இரும்பின்மேற் சுற்றிய கம்பிச்சுருளை மின்பெருக்கியோடு இணைத்துச் சடசடவென்ற ஒலியைக் கேட்டார். அதற்கு இத்தகைய பாய்ச்சல்களே காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று.

மென்படலத்தில் இத்தடை பெரிதாகின்றது. மில்லிமீற்றரிற் பத்திலட்சத்தில் ஒரு பங்கே நனோமீற்றர். பத்து நனோமீற்றர் தடிப்புள்ள படலத்தில் ஒரு நனோமீற்றர்ப் பள்ளம், தடிப்பிற் பத்திலொரு பங்கன்றோ! சுவரின் பரப்புக் கூடினால் அதன் சக்தியும் கூடும். படலம் மெலிந்த பள்ளத்திற் சுவரின் பரப்புக் குறைவு. ஆதலால் அது அங்கே தங்கிவிடுகின்றது. அதனைப் பெயர்க்க வலிய புலம் வேண்டும்.

காந்தத்தை உணரும் கருவிகளுக்கு இது பெருந்தீங்கு. நொய்ய புலத்துக்கும் அவற்றின் படலம் உடனே திரும்புதல் வேண்டும். மேலும், இரு காந்தப் படலங்களுக்கிடையே காந்தமற்ற படலம் ஒன்றிருக்கையில், அவற்றின் பரப்புகள் ஒத்த மேடுபள்ளங்களோடு அமைந்தால், ஆங்கே தோன்றும் காந்த முனைகள் இரண்டையும் ஒரே திசைக்கு இழுக்கும். இதனை 1962இல் லூயி நீல் விளக்கினார். தோடம்பழத் தோலை ஒத்த பரப்பாதலின், அப்பழத்தின் பெயரே இவ்விளைவுக்கும் வழங்குகின்றது.

கணினியின் வன்தட்டிலோ நிலை வேறு. அங்கே கோபாற்றுக் கலப்புலோகப் படலத்தை நுண்மணிகளாகப் பிரித்து, மணிகளின் எல்லைகளிலே தடையை வேண்டுமென்றே அமைக்கின்றனர். அதனால் ஓரிடத்திற் பதித்த குறி அயலிடத்துக்குப் பரவுவதில்லை. குடும்பப் படங்களும் கல்லூரிப் பதிவுகளும் மின்சாரம் நின்றபின்னும் அழியாதிருத்தற்கு அத்தடையும் ஒரு காரணம்.

இப்படலம் விரைந்து திரும்ப வேண்டியதா, பதித்ததைக் காக்க வேண்டியதா? இவ்வினாவுக்கு விடை கண்ட பின்னரே, பழுதை நீக்குவதா அமைப்பதா என்பது முடிவாகும்.