பாஸ்வேர்டைக் காப்பி செய்யலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக் கொள்வது காப்பி, பேஸ்ட். எக்ஸெலில் கண்ட்ரோல் + சி, பேங்க் வெப்சைட்டில் கண்ட்ரோல் + வி. அக்கவுண்ட் நம்பர் வந்து விடுகிறது. இரண்டும் தனித்தனி புரோகிராம்கள் ஆயிற்றே, எப்படிப் போனது?

எங்கள் பொங்கலூர் பக்கம் பனியன் ஜாப் ஒர்க் செய்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நிட்டிங் யூனிட்டிலிருந்து துணி சாயப்பட்டறைக்கு டி.சி. போட்டுத்தான் போகும். ஒருவர் யூனிட்டுக்குள் இன்னொருவர் நுழைந்து சரக்கை அள்ள முடியாது. கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் மெமரியில் தனி இடம் உண்டு. ஒன்று மற்றொன்றுக்குத் தகவல் அனுப்ப, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலிடம் கேட்க வேண்டும். இப்படிக் கேட்பதற்கு சிஸ்டம் கால் என்று பெயர். பைப், ஷேர்டு மெமரி, சாக்கெட் ஆகியவை கெர்னல் அமைத்துத் தரும் வழிகள்.

விண்டோஸ் 98-ல் இந்தத் தடுப்புச் சுவர் பலவீனமாக இருந்தது. 2001-ல் வந்த எக்ஸ்பி அதைப் பலப்படுத்தி வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்தது. இன்று ஒரு புரோகிராம் ஹேங் ஆனாலும் மற்றவை பெரும்பாலும் ஓடுவது இதனால்தான்.

ஆனால் கிளிப்போர்டு, பெறுபவர் பெயர் எழுதாத டி.சி. போன்றது. நீங்கள் காப்பி செய்ததை, அப்போது ஓடும் எந்தச் சாதாரண புரோகிராமும் எடுத்துப் படிக்கலாம். விண்டோஸ் உங்களிடம் அனுமதி கேட்பதில்லை. காப்பி செய்த கிரிப்டோ முகவரியைச் சத்தமில்லாமல் மாற்றி வைக்கும் வைரஸ்களும் உண்டு.

செல்போன்கள் விழித்துக் கொண்டன. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10, பின்னணியில் ஓடும் ஆப்கள் கிளிப்போர்டைப் படிப்பதைத் தடுத்தது. 2020-ல் ஐபோனின் ஐஓஎஸ் 14, எந்த ஆப் படித்தது என்று காட்டத் தொடங்கியது. கம்ப்யூட்டருக்கும் இது வேண்டும் என்பதே என் கருத்து. சுவர் கட்டிய நிறுவனம் வாசலுக்கும் காவல் போட வேண்டும்.

அதுவரை நாம்தான் காவல்:

* பாஸ்வேர்டு, பின் நம்பரைக் காப்பி செய்யாதீர்கள், டைப் செய்யுங்கள்.

* அக்கவுண்ட் நம்பரை பேஸ்ட் செய்தபின் முழுவதையும் ஒருமுறை சரிபாருங்கள். சனிக்கிழமைக் கூலி வேறு யாருக்கோ போய்விடக் கூடாது.

* விண்டோஸ் + வி அழுத்தினால் பழைய காப்பிகள் தெரிகிறதா? கிளியர் ஆல் கொடுத்து அழியுங்கள்.

* கிராக் செய்த சாப்ட்வேர் வேண்டவே வேண்டாம். அதை நிறுவுவது, திருடனை நாமே உள்ளே அழைத்து உட்கார வைப்பதற்குச் சமம். அதன்பின் கெர்னல் என்ன செய்யும், பாவம்!